டிஸ்னியில் ஓடுவதற்காக விடியற்காலை இரண்டரை மணிக்கு எழுந்திருப்பவர்களிடம் ஒரு கேள்வி

பிற்பகல்காபி எழுதியது:

வணக்கம். ஃப்ளோரிடாவில் ஜாக்சன்வில் பக்கம் இருக்கிறோம். வயது 43, இரண்டு பிள்ளைகள். பள்ளிக்கூடத்தில் பி.டி. பீரியட் என்றால் பையன்கள் மைதானத்தில் இருப்பார்கள், பெண்பிள்ளைகள் நாங்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்போம். எங்களை யாரும் ஓடச் சொன்னதில்லை, எங்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை. அதற்குப் பிறகு கல்லூரி, வேலை, கல்யாணம் என்று ஆகிவிட்டது.

என்னோடு வேலை பார்க்கும் தோழி ஒருத்தி போன ஜனவரியில் டிஸ்னி வேர்ல்டில் ஹாஃப் மாரத்தான் ஓடிவிட்டு வந்தாள். என்னைவிட ஆறு வயது மூத்தவள். திங்கட்கிழமை டொனால்ட் டக் மெடலைக் கழுத்தில் போட்டுக்கொண்டே ஆபீசுக்கு வந்தவள் சாயங்காலம் வரை கழற்றவில்லை, படியிறங்கும்போது மட்டும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள், ஆனால் முகத்தில் அப்படி ஒரு களை. எனக்குப் பொறாமையாகவே இருந்தது. அடுத்த முறை நீயும் வா என்று இப்போது பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

ஓடுகிறவர்களிடம் கேட்கிறேன், மனசில் பட்டதைச் சொல்லுங்கள். நீங்கள் எதற்காக ஓட ஆரம்பித்தீர்கள்? சரி, ஓடுவது உடம்புக்கு நல்லது, அது புரிகிறது. ஆனால் வீட்டு வாசலில் சும்மா கிடக்கிற ரோட்டை விட்டுவிட்டு, இருநூறு டாலருக்கு மேல் கொடுத்து, ராத்திரி இரண்டரை மணிக்கு எழுந்து, ஒரு தீம் பார்க்குக்குள் போய் ஓடுவதில் என்ன இருக்கிறது? அப்புறம், மெதுவாகப் போகிறவர்களைப் பாதியில் நிறுத்தி வண்டியில் ஏற்றிவிடுவார்கள் என்கிறார்களே, அது உண்மையா? நேற்று ராத்திரி பிள்ளைகள் தூங்கிய பிறகு எங்கள் தெருவில் ஓடிப் பார்த்தேன். இரண்டாவது விளக்குக் கம்பத்துக்குள் மூச்சு முட்டிவிட்டது.


மெதுவோட்டம் எழுதியது:

சகோதரி, கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன், ஏனென்றால் எல்லோருக்கும் உள்ளே இருக்கும் பயம் அதுதான். வண்டி உண்டு, உண்மை. ஆனால் கணக்கைப் பாருங்கள். மைலுக்கு 16 நிமிஷம் என்பது அவர்கள் வைத்திருக்கும் வரம்பு. நம் கணக்கில் கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட பத்து நிமிஷம், மணிக்கு ஆறு கிலோமீட்டர். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று கையில் பெட்டியில்லாமல் விறுவிறுவென்று நடக்கிறோமே, ஏறக்குறைய அந்த வேகம்தான். அதே வேகத்தில் விடாமல் போனால் ஹாஃப் மாரத்தானின் 21.1 கி.மீ. மூன்றரை மணி நேரத்தில் முடியும். கடைசிக் கூட்டத்தோடு சில பெண்கள் பலூன் கட்டிக்கொண்டு சரியாக அந்த 16 நிமிஷ வேகத்தில் வருவார்கள், பலூன் லேடீஸ் என்றே அவர்களுக்குப் பெயர். அவர்களுக்கு முன்னால் இருக்கும்வரை உங்களை யாரும் தொட மாட்டார்கள். அவர்களுக்கும் பின்னால் விழுந்துவிட்டால்தான் பஸ்ஸில் ஏற்றி முடிவிடத்துக்குக் கொண்டுவருவார்கள்.

இரண்டு விளக்குக் கம்பத்தில் மூச்சு முட்டியது உங்கள் உடம்பின் குறை இல்லை, வேகமாகப் புறப்பட்டுவிட்டீர்கள், அவ்வளவுதான். ஓட்டம் என்றாலே பள்ளிக்கூடத்து நூறு மீட்டர்தான் நமக்கு நினைவு வருகிறது. ஜெஃப் காலவே என்று ஒருவர், 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காகப் பத்தாயிரம் மீட்டர் ஓடியவர். எழுபதுகளில், ஓடிப் பழக்கமே இல்லாதவர்களுக்கு வகுப்பெடுக்கப் போன இடத்தில் ஒரு முறையைக் கொண்டுவந்தார்: கொஞ்சம் ஓடு, கொஞ்சம் நட, மறுபடி ஓடு. டிஸ்னி ஓட்டங்களுக்குப் பயிற்சித் திட்டம் எழுதிக்கொடுத்தவரும் அவர்தான். இதில் முக்கியமான விஷயம், மூச்சு வாங்கிய பிறகு நடப்பது இல்லை, மூச்சு வாங்குவதற்கு முன்பே நடந்துவிடுவது. முதல் நிமிஷத்திலிருந்தே. முப்பது வினாடி ஓடுங்கள், முப்பது வினாடி நடங்கள். போனில் மணி அடிக்கிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். "இன்னும் தெம்பு இருக்கிறதே, எதற்கு நடக்கணும்" என்று முதல் பத்து நிமிஷம் தோன்றும், அங்கேதான் பிடிவாதமாக நடக்க வேண்டும். அந்தத் தெம்பு பதினைந்தாவது கிலோமீட்டரில் வேண்டியிருக்கும்.

நான் ஓட ஆரம்பித்த கதை இது. எனக்கு 51 வயது, அட்லாண்டாவில் இருக்கிறேன். ஏழு வருஷத்துக்கு முன்பு சர்க்கரை எல்லையில் நிற்கிறது என்று டாக்டர் சொன்னார், மூன்று மாதச் சராசரி 6.3. நடங்கள் என்றார், நடந்தேன், ஒரு மாதத்தில் சலித்து விட்டுவிட்டேன். அந்த வருஷக் கோடையில் பையனுக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்தேன். நம் ஊரில் செய்வது போலத்தான், பின் சீட்டைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடுவது. விட்டால் விழுவான், அதனால் நிற்க முடியாது. ஒரு வாரத்தில் அவனுக்கு பேலன்ஸ் வந்துவிட்டது, அப்பா விடுங்கப்பா என்று கத்தினான், விட்டேன். அவன் தெருக்கோடி வரை போய்விட்டான், நான் கையில் சீட்டு இல்லாமல் பின்னாலேயே ஓடிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு நிற்கத் தோன்றவில்லை. மறுநாள் அவன் வராமலே ஓடினேன். சர்க்கரை இப்போது கட்டுக்குள் இருக்கிறது, ஆனால் இன்று அதற்காக ஓடவில்லை. காலையில் ஓடாத நாளில் வீட்டில் யாரைப் பார்த்தாலும் சிடுசிடுப்பு வருகிறது, அந்த ஒரு காரணம் போதும்.


கிண்டி_டு_டாலஸ் எழுதியது:

கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நான் பதினான்கு வருஷமாக ஓடுகிறேன். சென்னையில் இருந்தபோது விடியற்காலையில் மெரினா, பெசன்ட் நகர் என்று ஆரம்பித்தது. எனக்கு ஓட்டம் என்றால் கடிகாரம். போன வருஷம் என்னால் முடியாத நேரம் இந்த வருஷம் முடிகிறதா என்று பார்ப்பது. ஆபீசில் என் வேலைக்கு நாலு பேர் நாலு விதமாக மதிப்புப் போடுவார்கள், ஓடும் ரோட்டில் அது இல்லை, உழைத்தது அப்படியே நம்பராகத் தெரியும். அந்த நேர்மைக்காகத்தான் ஓடுகிறேன்.

டிஸ்னியில் ஃபுல் மாரத்தான் ஒரு முறை ஓடினேன், மனைவிக்காக. அவளுக்கு அது முதல் மாரத்தான். நல்ல நேரம் எடுக்க வேண்டும் என்கிறவர்கள் அங்கே போகவேண்டாம் என்பதுதான் என் கருத்து. பார்க்குக்குள் பாதை குறுகலாகிவிடும், நாலு பேர் கைகோத்து நடப்பார்கள், மிக்கியோடு படம் எடுக்க வழியிலேயே வரிசை நிற்கும். டிஸ்னி வேர்ல்ட் என்பது ஒரே பார்க் இல்லை, பார்க்குக்கும் பார்க்குக்கும் நடுவில் வெறும் நெடுஞ்சாலைதான், கோட்டையும் பொம்மையும் 42 கிலோமீட்டரும் கூடவே வரும் என்று நினைத்துவிடாதீர்கள். பாலத்தில் ஏறும் வளைவுச் சாலையில் இடுப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தே ஓடவேண்டியிருக்கும், மறுநாள் தெரியும். ஜனவரி என்பதால் ஒரு வருஷம் பல் கிட்டும், அடுத்த வருஷம் சட்டை நனைந்து ஒட்டும், எதற்கும் தயாராகப் போகவேண்டும்.

அங்கே அனிமல் கிங்டம் என்கிற பார்க்கில் எவரெஸ்ட் ரோலர் கோஸ்டர் இருக்கிறதே, நாங்கள் போய்ச் சேரும்போது பார்க் திறந்துவிட்டது. ஓட்டத்தின் நடுவில், சட்டையில் குத்திய பிப் நம்பரோடு (ஓடுகிறவருக்குக் கொடுக்கும் எண் அட்டை) அதில் ஏறுவது அங்கே ஒரு வழக்கம். மனைவி போகலாம் என்றாள். நான் வெளியே நின்றேன். இறங்கி வந்தவள் என்னிடம் எதுவுமே சொல்லவில்லை, அப்படிச் சிரித்துக்கொண்டே அடுத்த மூன்று கிலோமீட்டர் ஓடினாள். அவ்வளவு நேரம் கால் வலி என்றவள். நான் திரும்பப் போக மாட்டேன். அவள் அதற்குப் பிறகு இரண்டு முறை தனியாகப் போய்விட்டு வந்தாள்.

என் யோசனை, முதலில் உங்கள் ஊரிலேயே ஒரு 5 கி.மீ. ஓட்டத்தில் சேருங்கள். முப்பது நாற்பது டாலரில் முடியும். பிப் குத்திக்கொண்டு கூட்டத்தில் நிற்பது எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டு அப்புறம் இருநூறு டாலரைப் பற்றி யோசியுங்கள்.


ஜரிகைப்பாவாடை எழுதியது:

கிண்டி சொல்வதில் பாதி சரி. முதலில் ஊரிலேயே ஒரு 5 கி.மீ. ஓடச் சொன்னதும் சரிதான். ஆனால் தீம் பார்க்கில் என்ன இருக்கிறது என்று காபி கேட்டதற்கு நான்தான் பதில் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பிப்ரவரியில் வரும் பிரின்சஸ் ஹாஃப் மாரத்தான் மூன்று முறை, ஒரு தடவை டோப்பி சேலஞ்சும் முடித்தவள் நான். டோப்பி தெரியாதவர்களுக்கு: ஜனவரி மாரத்தான் வாரத்தில் வியாழன் 5 கி.மீ., வெள்ளி 10 கி.மீ., சனி ஹாஃப், ஞாயிறு ஃபுல். நாலு நாளில் 48.6 மைல், அதாவது 78 கி.மீ. டிஸ்னி வேர்ல்ட் மாரத்தான் 1994-இல் தொடங்கியது, சனி ஹாஃபும் ஞாயிறு ஃபுல்லும் சேர்த்து ஓடும் கூஃபி சேலஞ்ச் 2006-இல் வந்தது, இந்த நாலு நாள் கூத்து 2014-இலிருந்து.

பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது மேஜிக் கிங்டமுக்கு எத்தனை முறை போயிருப்போம்! ஒரு கையில் ஸ்ட்ரோலர், தோளில் டயாப்பர் பை, இன்னொரு கையில் ஊரிலிருந்து வந்த மாமியாருக்கான தண்ணீர் பாட்டில், பெரியவன் எங்கே என்று கண் தேடிக்கொண்டே இருக்கும். சின்ட்ரெல்லா கோட்டைக்கு முன்னால் நின்று எல்லோரையும் படம் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். பழைய ஆல்பத்தைப் பாருங்கள், அந்தக் கோட்டை முன்னால் நான் இருக்கிற படம் ஒன்றுகூட இல்லை.

முதல் பிரின்சஸ் ஓட்டத்தன்று நடந்ததைச் சொல்கிறேன். ராத்திரி இரண்டரைக்கு எழுந்து, முந்தின நாள் பிசைந்து வைத்த தயிர்சாதம் நாலு வாய் சாப்பிட்டேன் (எனக்கு அதுதான் ஒத்துக்கொள்கிறது, புதிதாக எதையும் அன்றைக்கு முயற்சிக்காதீர்கள்). எப்காட் என்கிற இன்னொரு டிஸ்னி பார்க்கின் பார்க்கிங்கில் பஸ் இறக்கிவிட்டது. அங்கிருந்து நாம் நிற்கவேண்டிய கோரலுக்கே (புறப்படுவதற்கு முன் கூட்டம் கூட்டமாகப் பிரித்து நிறுத்தும் இடம்) நல்ல தூரம் நடை. இருட்டு, குளிர், சுற்றிலும் ஆயிரக்கணக்கில் பெண்கள், எழுபது வயதுப் பாட்டிகூட தலையில் கிரீடத்தோடு. எல்லோரும் தூக்கிப்போடுகிற பழைய ஸ்வெட்டரைச் சுற்றிக்கொண்டு நிற்கிறோம். ஒவ்வொரு கூட்டமாகப் புறப்படப் புறப்பட வானத்தில் வாணம். நான் என் பெண்ணின் பழைய பட்டுப்பாவாடையை வெட்டி, லெகிங்ஸ் மேல் போடுகிற மாதிரி முழங்கால் உயரத்துக்கு ஒரு ஸ்கர்ட் தைத்திருந்தேன். கிளிப்பச்சை, அரக்கு பார்டர். ஜரிகை தொடையில் அறுக்காமல் இருக்க உள்ளே பருத்தித் துணி வைத்துத் தைத்து, அதற்கு மேல் வாஸலினும் தடவிக்கொண்டேன். இடுப்புப் பையில் உடைத்து வைத்த கடலைமிட்டாய்.

மேஜிக் கிங்டமின் மெயின் ஸ்ட்ரீட்டில் நுழையும்போது இன்னும் விடியவில்லை. இரண்டு பக்கமும் ஜனங்கள் நின்று முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் கத்துகிறார்கள். அப்படியே சுற்றி, கோட்டைக்குப் பின்பக்கமாக வந்து, அதன் உள்ளே புகுந்து, முன்பக்கமாக வெளியே வருகிற பாதை. நான் வெளியே வந்தேன். கையில் ஸ்ட்ரோலர் இல்லை. தோளில் பை இல்லை. யாரையும் தேடவில்லை. எத்தனையோ முறை வந்த அந்த இடத்துக்கு இரண்டு கையையும் வீசிக்கொண்டு வந்தது அதுதான் முதல் தடவை. போட்டோ எடுப்பவர் எதிரில் நின்றார். நான் அழுதுகொண்டிருந்தேன், பாவாடை பறந்துகொண்டிருந்தது. அந்தப் படத்தைத்தான் ஹாலில் மாட்டியிருக்கிறோம், பெண் பிரேம் போட்டுக் கொடுத்தாள்.

கிண்டி சொல்கிற கடிகாரம் எனக்குப் புரிகிறது, அதுவும் ஒரு சந்தோஷம்தான். ஆனால் எங்களில் நிறையப் பேருக்கு "ஓடாதே, விழுந்துடுவே, பொம்பளப் பிள்ளை ஓடலாமா" என்று கேட்டுக் கேட்டு வளர்ந்த உடம்பு. அதை ஓட வைப்பதற்குக் கொஞ்சம் வாணமும் கொஞ்சம் இசையும் கைதட்டலும் தேவைப்படுகிறது. டோப்பி ஃபுல் மாரத்தானில் கடைசி மைலில் எப்காட்டுக்குள் ஒரு காஸ்பல் குழு (சர்ச் பாட்டுப் பாடுகிறவர்கள்) நின்று பாடும். நாலாவது நாள், கால் நம்முடையதே இல்லை என்கிற மாதிரி மரத்துப்போயிருக்கும்போது அந்தப் பாட்டு காதில் விழும் பாருங்கள், அதற்கு எத்தனை டாலர் வேண்டுமானாலும் கொடுக்கலாம்.

இன்னொன்று. 2017 ஜனவரியில் இடி மின்னல் காரணமாக ஹாஃப் மாரத்தானை ரத்து செய்தார்கள். நான் அப்போது ஓட ஆரம்பிக்கவே இல்லை, செய்தியில் படித்ததுதான். மழை நின்றதும் ஜனங்கள் தாங்கள் தங்கியிருந்த ஹோட்டல் வளாகத்தையே சுற்றிச் சுற்றி 13.1 மைலையும் ஓடி முடித்திருக்கிறார்கள், மற்றவர்கள் ஓரத்தில் நின்று தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள். கோட்டையும் இல்லை, வாணமும் இல்லை. இவர்கள் பொம்மை பார்க்கத்தான் வருகிறார்கள் என்று யாராவது சொன்னால் இதைத்தான் நான் சொல்லுவேன்.


தண்ணீர்மேசை எழுதியது:

நான் ஓடுகிறவன் இல்லை. ஆர்லாண்டோவில் இருக்கிறேன், மூன்று வருஷம் மாரத்தானில் தண்ணீர் கொடுக்கும் மேசையில் தன்னார்வலராக நின்றிருக்கிறேன். ஒன்று மட்டும் சொல்லத் தோன்றியது. முன்னால் வருகிறவர்கள் கப்பைப் பறித்துக்கொண்டு போய்விடுவார்கள், அவர்கள் வேகம் அப்படி, குறை சொல்லவில்லை. கடைசியில் வருகிறவர்கள்தான் நின்று, கண்ணைப் பார்த்து, இவ்வளவு நேரம் நின்றதற்கு நன்றி என்று எங்களுக்குச் சொல்லிவிட்டுப் போவார்கள். ஒரு முறை பலூன் லேடீஸ் வளைவில் தெரிகிற தூரத்தில் இருக்கும்போது ஓர் அம்மா வந்தார், அறுபதுக்கு மேல் இருக்கும். எங்கள் மேசையில் இருந்த அத்தனை பேரும் கப்பைக் கீழே வைத்துவிட்டு அவரோடு கொஞ்ச தூரம் கூடவே ஓடினோம். அவர் முடித்தாரா என்று தெரியவில்லை. எங்கள் மேசையைத் தாண்டிப் போகும்போது முன்னால்தான் இருந்தார்.

மெதுவாகப் போவோமே என்று தயங்காதீர்கள் அக்கா. வந்தால் தண்ணீர் கொடுக்க நான் இருப்பேன்.


பிற்பகல்காபி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஜரிகை எழுதியதை ஆபீசில் வைத்துப் படித்திருக்கக் கூடாது, எழுந்து பாத்ரூமுக்குப் போக வேண்டியதாயிற்று. எங்கள் வீட்டு ஆல்பத்தையும் எடுத்துப் பார்த்தேன். நானும் எந்தப் படத்திலும் இல்லை.

நேற்றும் இன்றும் மெதுவோட்டம் சார் சொன்னபடி முப்பதுக்கு முப்பது. போனில் மணி வைத்துக்கொண்டு, தெம்பு இருக்கும்போதே நடந்தேன், அதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது, கால் நிற்க மாட்டேன் என்கிறது. நேற்று ஆறு கம்பம், இன்று தெருமுனை வரை போய்த் திரும்பினேன். மூச்சு முட்டவில்லை. பின்னங்கால் சதை மட்டும் பிடித்திருக்கிறது. சின்னவள் ஜன்னலில் நின்று பார்த்துவிட்டு, அம்மா நாளைக்கு நானும் வரட்டுமா என்றாள்.

கிண்டி சொன்ன மாதிரி ஏப்ரலில் இங்கேயே ஒரு 5 கி.மீ.க்குப் பெயர் கொடுத்துவிட்டேன், 35 டாலர். டிஸ்னி பற்றி அது முடிந்த பிறகு. தோழியிடம் சொல்லியிருக்கிறேன், பதிவு திறக்கிற நாளை மட்டும் இரண்டு பேரும் காலண்டரில் போட்டு வைத்திருக்கிறோம், சீக்கிரம் தீர்ந்துவிடுமாமே.

இப்போது போடுவது வீட்டில் கிடந்த பழைய வாக்கிங் ஷூ, பெருவிரல் முன்னால் இடிக்கிறது. என்ன வாங்குவது?


ஜரிகைப்பாவாடை எழுதியது:

பிராண்ட் யார் சொன்னாலும் கேட்காதீர்கள், ஓட்டத்துக்கென்றே இருக்கிற ஷூ கடைக்குப் போய், அங்கேயே போட்டுக் கொஞ்சம் ஓடிப் பார்த்து வாங்குங்கள். சாயங்காலம் போங்கள், நாள் முழுக்க நடந்து கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், ஓடும்போதும் அப்படித்தான் வீங்கும். கால் பெருவிரலுக்கு முன்னால் கைக் கட்டைவிரல் அகலம் இடம் இருக்கவேண்டும், அதனால் வழக்கமான சைஸைவிட அரை சைஸ் கூடவே கேளுங்கள். பருத்தி சாக்ஸ் வேண்டாம், கொப்புளம் வரும்.

அப்புறம் சின்னவளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.